வீடு தேடி வந்த வேலை

(இரண்டாம் ஆண்டு மாணவி, இளம் அறிவியல் – இயற்பியல்)

'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்றார்கள் அன்று. உத்தியோகம் என்றாலே வீட்டை விட்டு வெளியே போவது என்பதுதான் அதில் அடங்கிய பொருள். காலையில் கிளம்ப வேண்டும்; மாலையில் திரும்ப வேண்டும்; இடைப்பட்ட நேரம் முதலாளிக்கு, மிஞ்சிய நேரம் நமக்கு. ஆலைச் சங்கு ஊதிய காலத்திலிருந்து நாம் அறிந்த உழைப்பின் இலக்கணம் இதுவே.

அந்த இலக்கணம் இன்று மாறி வருகிறது. 2020 மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது, அலுவலகங்கள் ஒரே வாரத்தில் வீடுகளுக்குள் குடியேறின. நோய் தணிந்த பிறகும் அந்த ஏற்பாடு முற்றிலும் மறையவில்லை. சில நிறுவனங்கள் எல்லோரையும் திரும்ப அழைத்தன. சில, வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்தால் போதும் என்றன. சில, எங்கிருந்தாவது வேலையை முடித்துக் கொடுத்தால் சரி என்றன. 'வீட்டிலிருந்தே வேலை', 'நெகிழ்வான வேலை நேரம்' என்ற சொற்கள் நாளிதழ் விளம்பரங்களிலிருந்து திருமணப் பேச்சு வரை நுழைந்துவிட்டன.

இது விடுதலையா, வேறு வடிவில் வந்த விலங்கா? இன்னும் ஓராண்டில் பட்டத்தோடு வேலை தேடி நிற்கப் போகும் நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

பழைய சரக்கு, புதிய பெயர்

1973ஆம் ஆண்டு, அமெரிக்காவில் ஜாக் நில்ஸ் என்னும் பொறியாளர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கிய ஆண்டு அது. லாஸ் ஏஞ்செல்ஸ் நகரத்துச் சாலைகளில் ஊழியர்கள் பெட்ரோலையும் பொழுதையும் வீணாக்குவதைக் கண்ட அவர், 'வேலையாளை வேலை இருக்கும் இடத்துக்குக் கொண்டு போவதை விட, வேலையை ஆள் இருக்கும் இடத்துக்கு அனுப்பினால் என்ன?' என்று எண்ணினார். 'டெலிகம்யூட்டிங்' என்ற சொல்லை உருவாக்கியவர் அவரே. வீட்டிலிருந்து வேலை செய்யும் முறையின் தந்தை என்று அவரைப் புகழ்கிறார்கள்.

புகழட்டும். ஆனால் அவர் அந்தச் சொல்லை உருவாக்குவதற்கு வெகு காலம் முன்பே தென்காசி, அம்பாசமுத்திரம் வட்டாரங்களிலும், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பகுதிகளிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் மடியில் இருந்தது பீடித் தட்டு. காஞ்சியிலும் ஆரணியிலும் தறிக்குழி வீட்டுக்குள்ளேயே இருந்தது. சிவகாசிப் பக்கத்தில் தீப்பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்கு வந்தது. இவர்களையெல்லாம் 'வீட்டிலிருந்து பணியாற்றும் வல்லுநர்கள்' என்று எவரும் அழைத்ததில்லை. 'வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் நாலு காசு பார்க்கிறார்கள்' என்றுதான் சொன்னார்கள்.

என் அம்மா பீடி சுற்றுகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே இந்தப் பொருளை நான் புத்தகத்திலிருந்து மட்டும் அறிந்தவள் அல்லள்.

அந்தத் தொழிலின் கணக்கு எளிது. கடையிலிருந்து இலையும் தூளும் நூலும் எடை போட்டுத் தருவார்கள். இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, கட்டுக் கட்டாக்கிக் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றியதில் சரியில்லை என்று கழித்துப் போட்டதற்குக் கூலி கிடையாது. கொடுத்த இலை பழுதாக இருந்து போதாமற்போனால், வெளியில் இலை வாங்கும் செலவு சுற்றுகிறவள் தலையில். விளக்கு வெளிச்சம் அவளுடையது, உட்காரும் இடம் அவளுடையது, முதுகுவலியும் அவளுடையது. எத்தனை மணி நேரம் உழைத்தாள் என்ற கேள்வியே எழாது. 'எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்' என்ற வசதி, 'எப்போதும் செய்ய வேண்டும்' என்ற கட்டாயமாக முடிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டில் பழங்கால முதலாளிக்கு ஒரு பெரிய லாபம் இருந்தது. 'அவர்கள் தங்கள் வீட்டில், தங்களுக்கு வசதியான நேரத்தில் வேலை செய்கிறார்கள். நாங்கள் மேற்பார்வை செய்வதில்லை. ஆகவே அவர்கள் எங்கள் தொழிலாளர்கள் அல்லர்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடிந்தது.

தப்பிக்க விடாமல் பிடித்தது சட்டம். 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. அது வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளர் என்றது. பின்னர் வருங்கால வைப்பு நிதி பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1985இல் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு நாம் அனைவரும் அறிய வேண்டியது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால்தான் மேற்பார்வை என்பதில்லை. 'இது சரியில்லை' என்று சரக்கைத் தள்ளிவிடும் அதிகாரம் எவரிடம் இருக்கிறதோ, அவரிடமே கட்டுப்பாடும் இருக்கிறது. ஆகவே வீட்டில் சுற்றினாலும் அவர்கள் அந்த நிறுவனத்தின் தொழிலாளர்களே என்பது அதன் சாரம். 1966ஆம் ஆண்டுச் சட்டம், 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்றுக்குள் அடக்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. சட்டத்தின் பெயர் மாறலாம். அந்தத் தீர்ப்பு கேட்ட கேள்வி மாறாது.

அம்மாவிடம் பீடித் தொழிலாளி என்ற அடையாள அட்டை ஒன்று இருக்கிறது. அதைக் காட்டித்தான் பள்ளி நாளில் எனக்குக் கல்வி உதவித்தொகை கிடைத்தது. ஒரு துண்டு அட்டை. ஆனால் 'இவள் வீட்டில் சும்மா இருப்பவள் அல்லள், உழைப்பவள்' என்று அரசு ஒப்புக்கொண்டதற்கான சான்று அது.

தட்டும் மடிக்கணினியும்

எங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டுத் தொழிலாளி உண்டு. என் மதினி, அதாவது அத்தை மகள். சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. 2020இல் ஊருக்கு வந்தவர் இரண்டாண்டுக்கு மேல் இங்கிருந்தே வேலை பார்த்தார். அவருடைய சம்பளத்தையும் அம்மாவின் கூலியையும் ஒப்பிடவே முடியாது. மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அவருக்குச் சென்னை விடுதி வாடகை மிச்சமாயிற்று. மாமாவின் வைத்தியத்துக்குப் பக்கத்தில் இருக்க முடிந்தது. இந்த நன்மைகளை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் வேலையின் அமைப்பை மட்டும் உற்றுப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருந்தது. மின்கட்டணம் யாருடையது? மதினியுடையது. இணைய இணைப்பு, நாற்காலி, மேசை? அவருடையதே. அமெரிக்காவில் பொழுது விடியும்போது இங்கே இரவு. இரவு பதினொரு மணிக்கும் கூட்டம் இருக்கும். காலையில் எழுந்தால் வீட்டு வேலை காத்திருக்கும். "வீட்லதான இருக்க, இந்த அரிசியக் களைஞ்சு வச்சா என்ன?" என்று அத்தை கேட்பார். அத்தை கெட்டவர் அல்லர். வீட்டில் இருக்கும் பெண் வேலையில் இருக்கிறாள் என்பதை நம்பும் பழக்கம் நம் சமூகத்துக்கு இன்னும் வரவில்லை. அவ்வளவுதான்.

இலை வாங்கும் காசு அம்மா கையிலிருந்து போனது; இணையத்துக்குக் கட்டும் காசு மதினி கையிலிருந்து போனது. தட்டு போய் மடிக்கணினி வந்தது. கணக்கு ஒன்றாகவே இருக்கிறது.

ஒரு வேறுபாடும் உண்டு. அதில் அம்மாதான் கொடுத்து வைத்தவர். எங்கள் தெருவில் பெண்கள் தனித்தனியே பீடி சுற்றுவதில்லை. நாலைந்து பேர் ஒரே திண்ணையில் கூடி உட்காருவார்கள். யாருக்கு எவ்வளவு கழித்தார்கள், எந்தக் கடையில் இலை மோசம், கூலி உயர்வு எப்போது என்பதெல்லாம் அந்தத் திண்ணையில்தான் தெரியவரும். சங்கத்துச் செய்தியும் அங்கேதான் வந்து சேரும். மதினிக்குத் திண்ணை இல்லை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு, திரையில் தெரியும் முகங்களோடு பேசிவிட்டு அணைத்துவிடுவார். பக்கத்து இருக்கைக்காரர் என்ன சம்பளம் வாங்குகிறார், யாருக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று காதோடு காதாகக் கேட்டுக்கொள்ள வழியில்லை. குறையைப் பகிர ஆளில்லாதபோது அது தன் சொந்தக் குறையாகவே தோன்றிவிடும்.

சோதனை சொல்வது என்ன?

அறிவியல் மாணவி என்ற முறையில், உணர்ச்சியை விட்டுச் சோதனைக்கு வருகிறேன். 2010ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் ஷாங்காய் நகரத்தில் 'சீ-ட்ரிப்' என்னும் பயண நிறுவனத்தில் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தினர். விருப்பம் தெரிவித்த ஊழியர்களில் இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் வாரம் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டும். ஒற்றைப்படைத் தேதிக்காரர்கள் அலுவலகத்திலேயே இருக்க வேண்டும். ஒன்பது மாதம் இப்படி நடந்தது.

முடிவு என்ன? வீட்டிலிருந்தவர்களின் வேலைத்திறன் 13 விழுக்காடு கூடியது. வேலையை விட்டு விலகுவோர் பாதியாகக் குறைந்தனர். 'பார்த்தீர்களா, வீடே சிறந்தது' என்று இங்கேயே நிறுத்திவிடுவோர் பலர். நாம் நிறுத்தக் கூடாது. அந்த 13இல் 9 பங்கு, இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்து கூடுதல் நிமிடங்கள் உழைத்ததால் வந்தது. ஒரே அளவு திறமை காட்டியவர்களை ஒப்பிட்டால், வீட்டிலிருந்தவருக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. கண்ணில் படாதவர் கருத்திலும் படவில்லை. சோதனை முடிந்து, விரும்பிய இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்றபோது வீட்டிலிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினர். தனிமை தாங்கவில்லை! அவரவர் தமக்குப் பொருந்தியதைத் தேர்ந்துகொண்ட பின் பயன் 22 விழுக்காடாக உயர்ந்தது என்பதே இதில் மிக முக்கியமான பாடம். பயன் தந்தது வீடும் அன்று, அலுவலகமும் அன்று, தேர்ந்துகொள்ளும் உரிமை.

அதே நிறுவனத்தில் பின்னர் 1,612 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையின் முடிவு 2024இல் வெளியாயிற்று. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீடு, மற்ற நாள் அலுவலகம். வேலையை விடுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர்; பதவி உயர்வில் இழப்பு ஏதும் காணப்படவில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பது எப்போதும் வசைமொழியாக இருக்க வேண்டியதில்லை போலும்.

முதற் சோதனையில் சேர ஒரு நிபந்தனை இருந்தது: வீட்டில் இணைய இணைப்பும், வேலை செய்யத் தனி அறையும் இருக்க வேண்டும். நண்பர்களே, நம் வகுப்பில் எத்தனை பேர் வீட்டில் தனி அறை உண்டு? ஊரடங்கில் கைப்பேசி வழியே வகுப்பு நடந்தபோது சமையலறை மூலையிலும் மொட்டை மாடியிலும் உட்கார்ந்து கேட்டவர்கள்தானே நாம்? வீட்டிலிருந்து வேலை என்ற திட்டம், வீடு என்பதை நான்கு அறைகள் கொண்டதாகவே கற்பனை செய்கிறது.

நெகிழ்வது யார்?

அடுத்தது 'நெகிழ்வான வேலை நேரம்'. இனிய சொல்தான். ஆனால் அது எவர் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

2023 ஏப்ரல் 21ஆம் நாள் தமிழ்நாடு சட்டப்பேரவையில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா ஒன்று நிறைவேறியது. வேலை நேர விதிகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்கு அளிக்க அது வழி செய்தது. நாளுக்கு 12 மணி நேரமாக நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் விடுமுறை என்று விளக்கம் தந்தார்கள்; நெகிழ்வு என்ற சொல்தான் அங்கும் முன்னால் வந்து நின்றது. தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மே முதல் நாள் அன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அதற்குச் சரியாக நூறு ஆண்டு முன்பு, 1923 மே முதல் நாளில், சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார் என்பதை எண்ணும்போது மெய் சிலிர்க்கிறது. எட்டு மணி நேரம் என்பது எவரோ போட்ட பிச்சை அன்று. இரத்தம் சிந்திப் பெற்ற எல்லைக்கோடு.

இயற்பியலில் 'மீட்சி எல்லை' என்று ஒன்று படிக்கிறோம். கம்பியை இழுத்தால் நீளும். விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டி இழுத்துவிட்டால், விசையை எடுத்த பிறகும் கம்பி பழைய நிலைக்கு வராது. மனிதனுக்கும் இந்த விதி பொருந்தும். இரவு பதினொரு மணிக்கு வரும் செய்திக்கு ஒரு நாள் பதில் சொல்வது நெகிழ்வு. ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பது உருக்குலைவு.

இதை உணர்ந்த நாடுகள் எல்லைக்கோடு போடத் தொடங்கிவிட்டன. 2017 முதல் பிரான்சில், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை சட்டத்தில் இடம் பெற்றது. 2021இல் போர்ச்சுகல் இயற்றிய சட்டம், ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருப்பது முதலாளியின் கடமை என்றது. வீட்டில் வேலை செய்வதால் கூடும் செலவையும் முதலாளியே ஏற்க வேண்டும் என்றது. 2024 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவும் இவ்வரிசையில் சேர்ந்தது. இந்தியாவில் 2018இல் மக்களவையில் ஒரு தனி உறுப்பினர் மசோதா கொண்டுவரப்பட்டது, சட்டமாகவில்லை. வீட்டுத் தொழிலாளரை மற்றத் தொழிலாளர்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இலேயே ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை.

நிறுவனங்களின் மனமும் நிலையானதன்று. 2020இல் டி.சி.எஸ். நிறுவனம், 2025க்குள் ஊழியரில் 25 விழுக்காட்டினர் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்ற நிலை வரும் என்று அறிவித்தது. 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. கொடுத்ததும் அவர்களே, எடுத்ததும் அவர்களே. சட்டத்தில் எழுதப்படாத சலுகையின் ஆயுள் அவ்வளவுதான்.

வாசற்படி என்னும் எல்லை

எல்லாவற்றையும் விட என் நெஞ்சை உறுத்துவது இனிமேல் சொல்லப் போவது.

2021 மே முதல் நம் மாநிலத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இப்படி அரசு ஒரு கையால் கதவைத் திறக்கிறது. அதே நேரத்தில் உறவினர் வாயிலிருந்து ஒரு புதிய பேச்சைக் கேட்கிறேன். "படிக்கட்டும். அப்புறம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கட்டும். வெளியூர் எதற்கு?" மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் தகுதிகளிலும் இது சேர்ந்துவிட்டது. சம்பளமும் வேண்டும், சமையலும் வேண்டும், பெண் வாசற்படி தாண்டவும் கூடாது!

குழந்தை பெற்ற தாய்க்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் வாய்ப்பு பெரும் உதவி. 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் அதற்கு இடம் தந்தது. ஆனால் முதலாளி 'அனுமதிக்கலாம்' என்றுதான் சொன்னது. ஆக, தேவைப்படுகிறவளுக்கு அது உறுதியில்லை. தேவையில்லாதவள் மீது அது திணிக்கப்படுகிறது. இந்த முரண்பாட்டைத்தான் நான் எதிர்க்கிறேன்.

முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வேலை என்பது சம்பளம் மட்டும் அன்று. நாலு பேரோடு பழகுவது, மேலதிகாரி முன் நிமிர்ந்து பேசுவது, தவறு செய்து மூத்தவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்வது, புது ஊரில் தனியே வழி கண்டுபிடிப்பது ஆகியவை அனைத்தும் அதில் அடங்கும். படித்த குடும்பத்துப் பிள்ளை இவற்றை வீட்டுக் கூடத்திலேயே கற்றுக்கொள்கிறது. நமக்கு அலுவலகமே அந்தக் கூடம். அதையும் திரைக்குள் அடைத்துவிட்டால் நாம் எங்கே கற்பது?

இந்தக் கட்டுரையை எழுதப் போகிறேன் என்றதும் அம்மா சொன்னார்: "நான் வாசலத் தாண்டாம சுத்துனது போதும். நீ பஸ் ஏறு." இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

செய்ய வேண்டியவை

வீட்டிலிருந்து வேலை வேண்டாம் என்பது என் வாதமன்று. மாற்றுத்திறனாளிக்கு அது வரம். நோயுற்ற பெற்றோரைக் காக்கும் பிள்ளைக்கு அது ஆறுதல். சிற்றூரில் வாழ விரும்புவோர்க்கு அது வாய்ப்பு. ஆனால் அது நான்கு நிபந்தனைகளோடு வர வேண்டும். ஒன்று, வீடா அலுவலகமா என்பதை உழைப்பவரே தேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டு, மின்சாரம், இணையம் முதலிய செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். மூன்று, வேலை நேரத்துக்குத் தொடக்கமும் முடிவும் எழுத்தில் இருக்க வேண்டும். நான்கு, கணினியில் துண்டு துண்டாக வேலை வாங்கி எண்ணிக்கைக்குக் கூலி தருவோர், 'இவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர்' என்று கைகழுவ இடம் தரக் கூடாது. சரக்கைத் தள்ளும் அதிகாரம் எங்கே இருக்கிறதோ, பொறுப்பும் அங்கேயே இருக்கட்டும்.

வீட்டுக்கும் சென்னைக்கும் நடுவே மூன்றாவது வழியும் இருக்கிறது. நில்ஸ் அன்று முதலில் சொன்னது வீட்டை அன்று. ஊழியர் வாழும் பகுதிக்கு அருகே சிறு அலுவலகங்களை! தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி ஆகிய இடங்களில் 2024இல் சிறிய டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் சென்னை கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்ற பெயரில், பலரும் கூடி உட்கார்ந்து வேலை செய்யவும் படிக்கவும் பொது இடம் ஒன்று திறக்கப்பட்டது. ஒவ்வொரு வட்டத் தலைநகரிலும் நூலகத்தோடு சேர்ந்து இப்படி ஓர் இடம் அமைந்தால், தனி அறை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் மேசை கிடைக்கும். மதினிக்கும் ஒரு திண்ணை கிடைக்கும். பெண்ணுக்கு வாசற்படி தாண்ட ஒரு காரணமும் கிடைக்கும்.

வேலை நம் வீடு தேடி வருகிறது. வரட்டும், வரவேற்போம். ஆனால் வரும்போது கூலியை மட்டும் கொண்டு வந்தால் போதாது. நேரத்துக்கு எல்லையையும், உழைப்புக்கு மதிப்பையும், உழைப்பவர் என்ற அடையாளத்தையும் உடன் கொண்டு வரட்டும். அவற்றைக் கேட்டுப் பெறும் அறிவைத் தராத பட்டம், சுவரில் மாட்டும் படமாகவே நின்றுவிடும்.